நட்டதற்குக் கூலியா, சுற்றியதற்குக் கூலியா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நிலக்கரியை விட்டு விலகும் நாடுகளைப் பற்றிப் போன மாதம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். மானியம், கொள்முதல் விலை, ஏலம், வரி என்று அடுக்கிவிட்டு, "இவை எல்லாம் சேர்ந்துதான் மாற்றத்தைக் கொண்டுவந்தன" என்று முடித்திருந்தீர்கள். எனக்கு அங்கேதான் இடிக்கிறது.

நான் கணக்குத் தணிக்கையில் இருப்பவன். ஒரே வேலைக்கு நாலைந்து தலைப்பில் செலவு எழுதியிருந்தால் உடனே சந்தேகம் வந்துவிடும். புகை செய்யும் கேட்டுக்கு ஒரு விலை வைத்து, டன்னுக்கு இவ்வளவு என்று கார்பன் வரி போட்டுவிட்டு அரசு ஒதுங்கிக்கொண்டால் என்ன? எது மலிவோ அதைச் சந்தையே கண்டுபிடிக்கும். ஜெர்மனி மாதிரி மக்களின் மின்கட்டணத்தில் கைவைத்துச் சூரிய மின்சாரத்தை வளர்க்க வேண்டிய அவசியம் இருக்காது. அதிலும் இப்போது சோலார் பேனல் இவ்வளவு மலிந்த பிறகு, அரசுக்கு அங்கே என்ன வேலை? கடைசியாக ஒன்று: ஒரே ஒரு கருவியைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நீங்கள் எதை வைத்துக்கொள்வீர்கள்?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

"எல்லாம் சேர்ந்துதான்" என்று எழுதியது என் சோம்பேறித்தனம். கட்டுரை நீண்டுவிட்டது, எப்படியாவது முடிக்க வேண்டும், அப்போது கைக்கு வரும் வாக்கியம் அது. நீங்கள் பிடித்தது சரி.

ஆனால் இத்தனை கருவிகள் எதற்கு என்ற கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. அரசு ஒரு ரூபாய் கொடுக்கிறது, அல்லது ஒரு ரூபாய் பிடுங்குகிறது என்றால், எந்தக் காரியத்துக்காகக் கொடுக்கிறது, எத்தனை வருடத்துக்குக் கொடுப்பதாக ஊர் நம்புகிறது? நான் படித்த வரையில் வெற்றி, தோல்வி எல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் போய் முடிகின்றன. பணத்தின் அளவுகூட அப்புறம்தான்.

1980-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் காற்றாலை வைத்தால் மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து, போட்ட முதலில் ஏறக்குறைய பாதியை வரியில் கழித்துக்கொள்ள விட்டன. மின்சாரத்துக்கும் தனியாக நல்ல விலை கிடைத்தது. ஆனால் வரிக்கழிவு கிடைப்பதற்கு ஆலை நின்றால் போதும். அது சுற்றியதா என்று அந்தக் கழிவு கேட்கவில்லை. விளைவை நீங்களே ஊகிக்கலாம். காற்றைப் பற்றி ஒன்றும் தெரியாத, வரியைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்கள் உள்ளே வந்தார்கள். வரி ஆண்டு முடிவதற்குள் நட்டுவிட வேண்டும் என்று டிசம்பரில் அடித்துப் பிடித்துக்கொண்டு வேலை நடந்தது. ஆல்டமாண்ட் கணவாயிலும் டெஹாச்சப்பி மலைச்சரிவிலும் ஆயிரக்கணக்கில் நட்டார்கள். இறக்கை உடைந்தவை, பல்சக்கரம் போனவை, முதல் பெருங்காற்றுக்கே தாங்காதவை என்று அதில் ஒரு பெரும்பகுதி வெறும் கம்பமாக நின்றது.

அதே காலத்தில் டென்மார்க்கும் முதலுக்கே மானியம் கொடுத்தது. 1979-இலிருந்து ஆலை விலையில் 30 சதவீதம். கலிஃபோர்னியா கொடுத்ததைவிடக் குறைவு. ஆனால் ஒரு நிபந்தனை. ரிஸோ ஆய்வுக்கூடத்தில் 1978-இல் தொடங்கிய சோதனை நிலையம் அங்கீகரித்த மாதிரிகளுக்குத்தான் மானியம். புயலில் இறக்கை கட்டுமீறிச் சுற்றிச் சிதறிய அனுபவம் அவர்களுக்கு இருந்தது. அதனால் ஒன்றையொன்று நம்பாத இரண்டு தனித்தனி பிரேக் வேண்டும் என்றார்கள். ஆலை வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் விவசாயிகளும் கூட்டாகப் பங்கு போட்ட அக்கம்பக்கத்தாரும். அவர்கள் சங்கம் அமைத்து, தங்கள் பத்திரிகையில் மாதாமாதம் எந்தக் கம்பெனியின் ஆலை எத்தனை யூனிட் கொடுத்தது, எது பழுதாகி நின்றது என்று பட்டியல் போட்டார்கள். தயாரிப்பாளர் எவ்வளவு விளம்பரம் செய்தாலும் அடுத்த மாதப் பட்டியலில் குட்டு உடைந்துவிடும். (ஒரு தணிக்கையாளருக்கு இதைவிட இனிமையான கதை என்னால் சொல்ல முடியாது.) ஆலைகள் தேறத்தேற அந்த 30 சதவீதத்தையும் படிப்படியாகக் குறைத்து 1989-இல் நிறுத்திவிட்டார்கள்.

கலிஃபோர்னியாவில் கடைசியில் நின்று சுற்றியவற்றில் பல இந்த டேனிஷ் ஆலைகள்தான். இதிலும் ஒரு திருப்பம் உண்டு. மத்திய அரசின் வரிக்கழிவு 1985 முடிவில் காலாவதியானதும் அந்தச் சந்தை சரிந்தது. அடுத்த வருடமே டென்மார்க்கின் காற்றாலைக் கம்பெனியான வெஸ்டாஸ் கடனைக் கட்ட முடியாமல் முடங்கியது. பிறகு உருமாறி எழுந்து வந்தது வேறு கதை. ஆலை நன்றாக இருந்தும் ஆள் விழுந்தார். கொடுப்பவர் நாளைக்கும் கொடுப்பாரா என்பது அவ்வளவு முக்கியம்.

அமெரிக்கா முதல் பாடத்தைக் கற்றுக்கொண்டது. 1992 சட்டத்தில், உற்பத்தியான ஒவ்வொரு யூனிட்டுக்கும் வரிச்சலுகை என்று மாற்றியது. இனி நட்டதற்குக் கூலி கிடையாது, சுற்றினால்தான். இரண்டாவது பாடத்தைக் கற்கவில்லை. சலுகைக்கு இரண்டொரு வருட ஆயுள் கொடுத்து, காலாவதியாக விட்டு, பிறகு நீட்டித்து, மறுபடி காலாவதியாக விட்டு என்று விளையாடியது. 2012 முடிவில் சலுகை போய்விடும் என்று பயந்து அந்த ஒரே வருடத்தில் 13,000 மெகாவாட்டுக்கு மேல் நட்டார்கள். 2013-இல் ஏறத்தாழ 1,100 மெகாவாட். அதே காற்று, அதே தொழில்நுட்பம். பன்னிரண்டில் ஒரு பங்கு. இப்படி ஏறி இறங்கும் தொழிலில் எவர் துணிந்து தொழிற்சாலை கட்டுவார், எந்த இளைஞர் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வருவார்?

இப்போது உங்கள் கார்பன் வரிக்கு வருகிறேன். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். அனல்மின் நிலையத்துக்குத் தினமும் நிலக்கரி வாங்க வேண்டும், செலவு ஆயுள் முழுக்கப் பரவிக் கிடக்கும். சூரியனுக்கும் காற்றுக்கும் எரிபொருள் செலவு கிடையாது. மொத்தப் பணத்தையும் முதல் நாளே கொட்டிவிட்டு 25 வருடம் தவணை கட்டுகிறோம். ஆகவே அதன் மின்சார விலை என்பது பெரும்பாலும் கடன் தவணைதான், அதை ஏற்றி இறக்குவது வட்டி. 1,000 டாலர் கடன், 25 வருடம் என்று வையுங்கள். வட்டி 4 சதவீதம் என்றால் வருடத்துக்கு 64 டாலர் கட்ட வேண்டும். 10 சதவீதம் என்றால் 110. அதே பேனல், அதே வெயில், யூனிட் விலை மட்டும் 70 சதவீதம் கூடிவிட்டது.

வட்டியை நிர்ணயிப்பது வங்கிக்காரரின் பயம். கார்பன் வரி இருக்கிறது என்று சொன்னால் அவர் கேட்பார்: "அடுத்த தேர்தலுக்கு அப்புறம் இருக்குமா?" ஆஸ்திரேலியா 2012 ஜூலையில் கார்பனுக்கு விலை வைத்தது, 2014 ஜூலையில் எடுத்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் தொடங்கிய உமிழ்வு அனுமதிச் சந்தையில் (கார்பன் வெளியிடுவதற்கான அனுமதியைக் கம்பெனிகள் வாங்கி விற்கும் இடம்) அனுமதிகளை அள்ளி வழங்கியதால், 2007-இல் விலை கிட்டத்தட்டப் பூஜ்யமானது. பிறகு ஏறி இறங்கி, 2012-க்கு அப்புறம் பல வருடம் டன்னுக்கு 5 யூரோ சுற்றுவட்டாரத்தில் முனகிக்கொண்டிருந்து, 2023-இல் 100 யூரோவைத் தொட்டது. இந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு நீங்கள் 25 வருடக் கடன் கொடுப்பீர்களா?

ஜெர்மனி 2000 ஏப்ரலில் கொண்டுவந்த சட்டம் பயத்தைத்தான் விலைகொடுத்து வாங்கியது. சூரிய மின்சாரம் எடுத்து வந்தால் யூனிட்டுக்கு ஏறத்தாழ 50 சென்ட், 20 வருடத்துக்கு, மின்கம்பெனி வாங்கியே தீர வேண்டும். அடுத்தடுத்த வருடங்களில் புதிதாக வருகிறவர்களுக்கு விலை படிப்படியாகக் குறையும், சேர்ந்தவர்களுக்கு மாறாது. இவ்வளவு தெளிவாக இருந்ததால் வீட்டுக்கூரையைக் காட்டி வங்கியில் கடன் வாங்க முடிந்தது. அந்த நாட்டின் மின்சாரத்தில் 2000-இல் 6 சதவீதம் அளவில் இருந்த புதுப்பிக்கத்தக்க ஆற்றல் 2023-இல் பாதியைத் தாண்டியது. நீங்கள் சொல்லும் மலிவான பேனல் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? விலை அதிகமாக இருந்தபோது வாங்க ஒருவர் இருந்தார். அவரை நம்பித்தான் சீனாவில் தொழிற்சாலைகள் பெருகின, பெருகப்பெருக விலை விழுந்தது. வரி மட்டும் போட்டிருந்தால் அன்றைக்கு எது மலிவோ அதைத்தான் சந்தை பிடித்திருக்கும். அது எரிவாயுவாக இருந்திருக்கும்.

ஆனால் உங்கள் கோபத்தில் நியாயமும் இருக்கிறது. அந்தக் கூடுதல் விலையை அரசு கஜானாவிலிருந்து கொடுக்காமல் மின்கட்டணத்தில் ஏற்றினார்கள். 2014-இல் அது யூனிட்டுக்கு 6 சென்ட்டைத் தாண்டியது. மின்சாரத்தை மிக அதிகமாக இழுக்கும் பெரிய ஆலைகளுக்கு விலக்கு. அந்தப் பங்கையும் சேர்த்து, சொந்தக் கூரைகூட இல்லாமல் வாடகை வீட்டில் இருப்பவர் கட்டினார். 2022 ஜூலையில்தான் அதைக் கட்டணத்திலிருந்து எடுத்து அரசுச் செலவில் சேர்த்தார்கள். தாமதம், அநியாயத் தாமதம்.

ஸ்பெயின் இதே முறையை இன்னும் மோசமாகச் செய்தது. விலையை உயர்த்தி வைத்துவிட்டுக் கண்காணிக்காமல் விட்டது. 400 மெகாவாட் அளவில் இலக்கு வைத்திருந்த இடத்தில் 2008 ஒரே வருடத்தில் 2,500-க்கு மேல் வந்து குவிந்தது. பணம் தாங்காமல், ஏற்கெனவே கட்டியவர்களுக்குக் கொடுத்த வாக்கையும் பின்னால் வெட்டினார்கள். முதலீட்டாளர்கள் சர்வதேச நடுவர் மன்றங்களுக்குப் போனார்கள். வாக்கை மீறிய அரசு அடுத்த தடவை வாக்குக் கொடுத்தால் வட்டி ஏறத்தானே செய்யும்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் ஏலம். விலையை அதிகாரி ஊகிக்க வேண்டாம், கட்டுபவரே சொல்லட்டும், குறைவாகக் கேட்பவருக்கு வாய்ப்பு. பிரிட்டனில் கடல் காற்றாலைக்கு 2015 ஏலத்தில் மெகாவாட்-மணிக்கு (அதாவது 1,000 யூனிட்டுக்கு) 114 பவுண்டுக்கு மேல் போனது, 2019-இல் 40 பவுண்டுக்குச் சற்றுக் கீழே வந்தது. அசந்துபோய், 2023-இல் உச்சவரம்பை 44 பவுண்டு என்று வைத்தார்கள். இதற்குள் இரும்பு விலையும் வட்டியும் ஏறியிருந்தன. கடல் காற்றாலைக்கு ஒருவர்கூட ஏலம் கேட்கவில்லை. அடுத்த சுற்றுக்கு வரம்பை 73 ஆக்கிய பிறகுதான் ஆட்கள் திரும்பினார்கள்.

வரி வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. மாற்று பக்கத்திலேயே தயாராக நிற்கும் இடத்தில் அது பிரமாதமாக வேலை செய்யும். ஸ்வீடன் 1991-இல் வருமான வரியைக் குறைத்த கையோடு கார்பன் வரியைக் கொண்டுவந்தது. காட்டு மரக்கழிவு கையருகே இருந்தது, நகரங்களுக்கு வெப்பம் அனுப்பும் குழாய்களும் இருந்தன, கொதிகலன்கள் மாறின. பிரிட்டனில் 2013 முதல் நிலக்கரி மின்சாரத்தின் மேல் கூடுதல் கார்பன் கட்டணம் ஏறியபோது எரிவாயு நிலையங்கள் காத்திருந்தன, காற்றாலைகள் வந்துகொண்டிருந்தன. 2012-இல் 40 சதவீதம் அளவில் இருந்த நிலக்கரியின் பங்கு 2020-இல் 2 சதவீதத்துக்குச் சுருங்கியது. 1882-இல் லண்டனில் தொடங்கிய நிலக்கரி மின்சாரப் பழக்கம், 2024 செப்டம்பர் 30 அன்று ராட்கிளிஃப் நிலையம் மூடியதோடு முடிந்தது. மாற்று இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு 2018-இல் பிரான்ஸைப் பார்க்கலாம். பஸ் இல்லாத ஊர்க்காரரிடம் டீசலுக்கு மேலும் வரி என்றார்கள். அவர் மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு சாலைச் சந்திப்பில் வந்து மறியலில் உட்கார்ந்தார்.

சரி, ஒரே ஒரு கருவி. நான் மின்சாரம் கடத்தும் கம்பியைக் கேட்பேன்.

காற்று வீசும் இடமும் மின்சாரம் வேண்டிய நகரமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. ஆலை இல்லாமல் கம்பி இழுக்க ஆள் வராது, கம்பி இல்லாமல் ஆலைக்குக் கடன் கிடைக்காது. பேனல் எவ்வளவு மலிந்தாலும் இந்த முடிச்சைச் சந்தை தானாக அவிழ்ப்பதில்லை. சீனாவின் கான்சு மாகாணத்தில் 2016-இல் காற்றாலைகள் தரக்கூடிய மின்சாரத்தில் ஏறத்தாழ 43 சதவீதம் எடுக்கப்படாமலே வீணானது.

டெக்ஸஸில் ரிக் பெர்ரி என்ற குடியரசுக் கட்சி ஆளுநர் 2005-இல் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். எண்ணெய் பூமி அது, பருவநிலை பற்றி அங்கே யாரும் உருகவில்லை. காற்று நன்றாக வீசும் வட்டாரங்களை முதலில் குறித்துவிடுவது, ஆலை வருமுன்பே அங்கிருந்து பெருநகரங்களுக்கு மின்வழி இழுப்பது, செலவை அந்தக் கட்டமைப்பில் மின்சாரம் வாங்கும் அத்தனை பேரும் பகிர்வது. சுமார் 5,800 கிலோமீட்டர் கம்பி, ஏறத்தாழ 700 கோடி டாலர். எதிர்பார்த்ததைவிடச் செலவு கூடித்தான் போனது, நீங்கள் சிவப்புப் பேனாவில் சுழித்திருப்பீர்கள். 2009-இல் அங்கே 17 சதவீதக் காற்று மின்சாரம் கம்பியில் இடமில்லாமல் நிறுத்தி வைக்கப்பட்டது. வேலை முடிந்த 2014-இல் அது ஒரு சதவீதத்துக்கும் கீழ்.