மண்டபம் எழும்புகிறது, கட்டணம் வரவில்லை: கட்டடக் கலைஞருக்கு என்ன வழி?

கேள்வி: நான் கிளிநொச்சியில் தனியாகத் தொழில் செய்யும் கட்டடக் கலைஞர். மொறட்டுவையில் படித்து, பட்டயம் பெற்று, பதிவும் வைத்திருக்கிறேன். கனடாவில் இருக்கும் ஒருவர் பரந்தன் பக்கம் திருமண மண்டபம் கட்டுவதற்கு, இங்கே இருக்கும் தம்பியார் மூலம் என்னை ஒழுங்கு செய்தார். கட்டணம் 18 இலட்சம் என்று வாயால்தான் பேசினோம். முற்பணம் 4 இலட்சம் தந்தார்கள். பிளான் பாஸ் ஆனவுடன் மிச்சம் தருவதாகப் பேச்சு. போன ஆவணியில் பாஸ் ஆகிவிட்டது. தையில் 1 இலட்சம் மட்டும் வங்கியில் போட்டார்கள். இப்போது சித்திரை. “தங்கச்சி, அண்ணா வந்தவுடன கணக்கை முடிப்பம்” என்று தம்பியார் வட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். அதற்கிடையில் என்னைச் சைற்றுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு படவரைஞரை வைத்து, தூண்களைக் குறைத்துக் கட்டுகிறார்கள். அதே பிளானில், என் பெயர் இல்லாமல், புதுக்குடியிருப்பில் இன்னொரு மண்டபமும் எழும்புவதாக ஒரு மேசன் படம் அனுப்பினார். என் காசு கிடைக்குமா? என் பிளானை இப்படி எடுக்கலாமா? நாளைக்குக் கூரை விழுந்தால் நான் பொறுப்பா?

பதில்: கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். ஏனென்றால் அதில் மனித உயிர் இருக்கிறது. ஒரு முகூர்த்த நாளில் அந்தக் கூரைக்குக் கீழே சில நூறு பேர் சாப்பாட்டுக்கு இருக்கப்போகிறார்கள்.

பிரதேச சபைக் கோவையில் இருக்கும் பிளானில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. சைற்றில் நடப்பது வேறு. இந்த இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை நீங்கள் அறிந்திருந்தும் பேசாமல் இருந்தீர்கள் என்று நாளைக்கு எவரும் சொல்ல இடம் வைக்காதீர்கள். இந்த வாரமே ஒரு கடிதம் எழுதுங்கள். உரிமையாளருக்கும் தம்பியாருக்கும், கட்டமைப்பு வரைபடத்தில் கையெழுத்திட்ட பொறியியலாளருக்கும், சபைச் செயலாளருக்கும் பதிவுத் தபாலில் போகட்டும். அனுமதி பெற்ற பிளானின் இலக்கம், நீங்கள் கடைசியாகச் சைற்றுக்குப் போன திகதி, வரவேண்டாம் என்று சொன்ன திகதி, எந்தத் தூண் எங்கே மாறியிருக்கிறது, அந்த மாற்றத்தை நீங்கள் வரையவும் இல்லை பரிசீலிக்கவும் இல்லை என்பது. இவ்வளவும் போதும். தெருவில் நின்று எடுத்த படங்கள் இருந்தால் திகதியோடு இணையுங்கள். பொறியியலாளரிடம் தொலைபேசியிலும் பேசுங்கள். தூணைக் குறைத்தது அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

அந்தக் கடிதத்தில் காசைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். காசு தரவில்லை என்ற கோபத்தில் எழுதியது என்று அவர்கள் திருப்பிவிடுவார்கள். கட்டண விடயத்துக்கு வேறு கடிதம், வேறு நாள்.

அனுமதி பெற்ற பிளானை விட்டு விலகிக் கட்டினால் நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் சபைக்கு உண்டு. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும், நகர அபிவிருத்தி அதிகார சபையின் கீழ் வரும் இடங்களில் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டமும் அதற்கு இருக்கின்றன. மண்டபத்தைத் திறப்பதற்கு முன், அனுமதித்த பிளான்படியே கட்டியிருக்கிறது என்று காட்டும் இணக்கச் சான்றிதழும் எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் ஆள் அனுப்பி, “ஒரு கையெழுத்துத்தானே தங்கச்சி, போட்டுத் தாங்கோ, மிச்சக் காசைக் கையோட தாறம்” என்று கேட்கக்கூடும். போடாதீர்கள். நீங்கள் மேற்பார்வை செய்யாத வேலைக்குச் சான்று கொடுத்தால், இன்றைக்கு அவர்கள் தலையில் இருக்கும் பொறுப்பு அன்றைக்கு உங்கள் தலைக்கு மாறிவிடும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நீங்கள் வரைந்த பிளானிலேயே பிழை இருந்தால் இந்தக் கடிதம் உங்களைக் காப்பாற்றாது. கவனக்குறைவால் வந்த நட்டத்துக்கு நீங்கள் பதில் சொல்லத்தான் வேண்டும். கடிதம் காப்பது அவர்கள் செய்த மாற்றத்தின் விளைவிலிருந்து மட்டுமே.

இனிக் காசு. எழுத்து ஒப்பந்தம் இல்லையே என்று நீங்கள் பயப்படுவது தெரிகிறது. அதற்குப் பயப்பட வேண்டாம். காணி கைமாறுவதற்குத்தான் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு முன்னிலையில் எழுத்து வேண்டும். பிளான் வரைந்து தருவதற்கு வாய்ப்பேச்சு போதும், அதுவும் ஒப்பந்தம்தான். 18 இலட்சம் என்று பேசவே இல்லை என்று அவர்கள் மறுத்தாலும், செய்த வேலைக்கு நியாயமான ஊதியம் என்று மாற்று வழியில் கேட்கலாம். அதற்கு இலங்கைக் கட்டடக் கலைஞர்கள் நிறுவகத்தின் கட்டண அளவுகோல் உங்களுக்குத் துணை நிற்கும்.

நீங்கள் பயப்பட வேண்டியது நாட்காட்டிக்கு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருடம் தருகிறது. எழுத்தில்லாத ஒப்பந்தத்துக்கு 3 வருடம். ஆனால் அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு, செய்த வேலைக்கும் உழைப்புக்குமான கடனுக்கு ஒரே ஒரு வருடம்தான் தருகிறது. உங்களுடையது ஒரு தொழில்வாண்மையாளரின் ஒப்பந்தம், ஆகவே 3 வருடம் என்று நாங்கள் வாதாடுவோம். இது வெறும் வேலைக் கூலி, 1 வருடம் கடந்தால் வழக்கே இல்லை என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி வாதாடுவார். எழுந்து நின்றவுடன் அவர் சொல்லும் முதல் விடயமே அதுவாகத்தான் இருக்கும். அந்த வாதத்துக்கு ஏன் இடம் கொடுக்க வேண்டும்? பிளான் பாஸ் ஆனது ஆவணியில் என்றால், வருகிற ஆவணிக்கு முன் வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் பதிவாகியிருக்க வேண்டும். கோரிக்கைக் கடிதம் அனுப்பினால் காலம் நிற்கும் என்று எங்கள் ஆட்கள் பலர் நம்புகிறார்கள். நிற்காது. வழக்கைத் தாக்கல் செய்தால்தான் நிற்கும்.

தையில் வந்த 1 இலட்சம் நல்ல சாட்சி. பெரிய கடனில் ஒரு பகுதியாகக் கொடுத்தது என்று காட்ட முடிந்தால் காலம் அன்றிலிருந்து புதிதாக ஓடுகிறது என்று சொல்லலாம். வங்கிக் கூற்றை எடுத்து வையுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி ஆவணியைத் தாண்ட விடாதீர்கள்.

அந்த வட்ஸ்அப் செய்திக்கு வருவோம். “கணக்கை முடிப்பம்” என்று எழுதியவர், முடிக்க ஒரு கணக்கு இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறார். அதில் இல்லாதது தொகை. ஆகவே கோபப்படாமல், இன்றைக்கே இப்படி ஒரு பதில் போடுங்கள்: “அண்ணை, மண்டபப் பிளானுக்குப் பேசின 18 இலட்சத்தில 5 இலட்சம் கிடைச்சுது. மிச்சம் 13 இலட்சம். கணக்கில பிழை இருந்தால் சொல்லுங்கோ. எந்தத் திகதிக்குத் தருவீங்கள்?” அவர் திகதி சொன்னாலும், “கொஞ்சம் பொறுங்கோ” என்றாலும், 13 இலட்சத்தை மறுக்கவில்லை என்பது பதிவாகும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டப்படி இப்படியான செய்திகளை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்கலாம். ஸ்கிறீன்ஷொட் மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள், அந்தப் போனையே பத்திரமாக வைத்திருங்கள், விற்கவும் வேண்டாம், செய்திகளை அழிக்கவும் வேண்டாம். இதையும் விடப் பலமானது, கனடாவில் இருப்பவரே கையெழுத்திட்ட இரண்டு வரி. வாய்வாக்குறுதியால் காலம் நீளாது. கடனாளியோ, அவர் முறையாக அதிகாரம் கொடுத்தவரோ கையெழுத்திட்ட எழுத்து வேண்டும்.

யார் கடனாளி என்பதையும் பாருங்கள். பேசியது தம்பியார், மண்டபம் அண்ணருடையது. தம்பியாரிடம் அற்றோணித் தத்துவம், அதாவது அண்ணருக்காகச் செயற்பட அதிகாரம் கொடுக்கும் பத்திரம், இருக்கிறதா என்று விசாரியுங்கள். சபைக்குக் கொடுத்த விண்ணப்பத்திலும் பிளானிலும் உரிமையாளர் என்று யார் கையெழுத்திட்டிருக்கிறார்? அந்தத் தாளில் உங்கள் கையெழுத்தும் அவர் கையெழுத்தும் சேர்ந்து இருக்கும். உங்களிடம் இருக்கும் எழுத்து ஒப்பந்தத்துக்கு மிகக் கிட்டிய ஆவணம் அதுதான். கையில் பிரதி இல்லாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ச் சபையிடம் கேளுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும். வழக்கில் இருவரையும் பிரதிவாதிகளாகச் சேர்ப்பதுதான் என் ஆலோசனை. ஒப்பந்தம் பேசியதும் வேலை நடந்ததும் கிளிநொச்சியில், அதனால் வழக்கும் கிளிநொச்சியில்தான். அண்ணர் கனடாவில் இருப்பதால் அழைப்பாணை போய்ச் சேரச் சுணங்கும், அவ்வளவுதான். இதற்கு முன் மத்தியஸ்த சபைக்குப் போகவேண்டிய தொகையா என்பதை வழக்குப் பதியும்போது உங்கள் சட்டத்தரணி பார்ப்பார்.

வன்னியில் இன்னொரு விடயத்தையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். மண்டபம் நிற்கும் காணி சொந்த உறுதி உள்ள காணியா, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியா? குடியேற்றத் திட்டங்களில் வளர்ந்த இந்தப் பகுதியில் பெருமளவு காணி 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டது. அப்படியான காணியை நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காகக் கைப்பற்றவோ ஏலத்தில் விற்கவோ முடியாது. வழக்கில் வென்றுவிட்டு, எதைப் பிடிப்பது என்று தெரியாமல் நிற்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் தாங்குவதில்லை. தம்பியார் பெயரில் என்ன வாகனம், எந்த வங்கியில் கணக்கு, மண்டபத்துக்கு யார் பெயரில் பொருட்கள் இறங்குகின்றன என்பதை இப்போதே குறித்து வையுங்கள். குடியிருக்கவோ பயிர்செய்யவோ கொடுத்த பெர்மிட்டில் வியாபார மண்டபம் எழும்புகிறது என்றால் அது பிரதேச செயலகத்தில் அவர்களுக்கு இருக்கும் தனிச் சிக்கல். இனி எந்த வேலையை ஏற்றாலும், பென்சிலை எடுக்கும் முன் காணித் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

புதுக்குடியிருப்பு மண்டபம்: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கட்டடக்கலைப் படைப்பையும் அதற்கான பிளானையும் பாதுகாக்கிறது. எங்கும் பதியத் தேவையில்லை. வரைந்த அன்றே உரிமை உங்களுடையது. நீங்கள் அவர்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்தவர் அல்ல, ஆகவே உரிமை அவர்களுக்குப் போகவும் இல்லை. பரந்தனில் ஒரு மண்டபம் கட்டுவதற்காகக் கேட்டார்கள், கொடுத்தீர்கள். அதே பிளானில் ஏ35 வீதியால் போய் இன்னொன்று கட்டுவதற்கு உங்கள் எழுத்து அனுமதி வேண்டும். பிளானின் மூலையில் உங்கள் பெயர் இருந்த கட்டத்தை மாற்றியிருந்தால் அது தனிக் குற்றச்சாட்டு. படைப்பில் உங்கள் பெயர் இருக்க வேண்டும் என்பது ஒழுக்க உரிமை, அது காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் உங்களோடுதான் இருக்கும். அந்தப் படவரைஞர் தன்னைக் கட்டடக் கலைஞர் என்று போட்டிருந்தால், கட்டடக் கலைஞர்கள் பதிவுச் சபையிடம் முறைப்பாடு செய்யுங்கள். கட்டடக் கலைஞர்கள் நிறுவகச் சட்டத்தைத் திருத்திய 1996ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தோடு அந்தப் பெயர் பதிவுள்ளவர்களுக்கு உரியது. முறையிடும் முன் உங்கள் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் புலமைச் சொத்து வழக்கைக் கிளிநொச்சியில் போட முடியாது. கொழும்பில் உள்ள வர்த்தக மேல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். தனி ஆளாகத் தொழில் செய்யும் உங்களுக்குச் செலவும் அலைச்சலும் பெரிது. ஆகவே இதை முதல் வழக்காக நான் சொல்ல மாட்டேன். புதுக்குடியிருப்பு உரிமையாளருக்குச் சட்டத்தரணி மூலம் ஒரு கடிதம் போகட்டும். அவர் பிளானைக் காசு கொடுத்து வாங்கிய அப்பாவியாகக்கூட இருக்கலாம். இரண்டாவது பாவனைக்கு நியாயமான கட்டணத்தைக் கேளுங்கள். உங்கள் கையால் போட்ட முதல் ஸ்கெச், திகதியுள்ள கணினிக் கோப்புகள், அந்த மேசன் அனுப்பிய படம், மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். வெக்கை வெளியேறக் கூரை உச்சியில் நீங்கள் வைத்த காற்றுத் திறப்பும், மேற்கு வெயிலுக்கு இறக்கிய அகன்ற விறாந்தையும் அங்கேயும் அதே அளவில் இருந்தால், தற்செயல் என்று சொல்லி எவரும் தப்ப முடியாது. இன்னும் கொடுக்காத விவர வரைபடங்களையும் கணினிக் கோப்புகளையும் காசு வரும்வரை கொடுக்கவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

கடிதங்கள் போன பிறகு, “7 இலட்சம் தாறம், இதோட முடிப்பம்” என்று வரக்கூடும். வழக்கின் காலத்தையும் செலவையும் வைத்துப் பார்த்தால் குறைத்து வாங்குவது மரியாதைக் குறைவு அல்ல, முடிவு உங்களுடையது. ஆனால் வாங்கும்போது வெறும் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அந்தத் தாளில், பணம் பரந்தன் மண்டபப் பிளானுக்கு மட்டும் என்றும், பதிப்புரிமை உங்களிடமே இருக்கிறது என்றும், புதுக்குடியிருப்புக் கோரிக்கை இதில் அடங்காது என்றும், மேற்பார்வையோ இணக்கச் சான்றோ உங்கள் பொறுப்பு அல்ல என்றும் நான்கு வரி இருக்க வேண்டும். அண்ணரின் கையெழுத்தும் தம்பியாரின் கையெழுத்தும் அதற்குக் கீழே வந்த பிறகே காசை எண்ணி வாங்குங்கள்.