சென்னை ஆம்ப்ளிஃபயரும் டொரோன்டோவின் 120 வோல்ட்டும்

தம்பி, சென்னையில் வாங்கிய 20 வாட் வால்வு (கண்ணாடிக் குழாய்) கிதார் ஆம்ப்ளிஃபயரை டொரோன்டோவுக்குக் கொண்டுவந்தால் பிளக்கை மட்டும் மாற்றிப் பயன்படுத்தலாமா, குளிருக்கு எந்த மேலங்கி நல்லது, அறை வாடகை எவ்வளவு ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். மேலங்கியை இங்கு வந்து வாங்கிக்கொள்ளலாம். வாடகைக்கு ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள், அவர்களிடமே கேளுங்கள். ஆம்ப்ளிஃபயரைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் இவ்விஷயத்தில் நம்மவர்கள் அள்ளி வழங்கும் அறிவுரைகளில் பாதி ஆளைக் கொல்லக்கூடியவை.

இந்தியாவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கனடாவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நேராகச் செருகினால் எதுவும் வெடித்துவிடாது. ஆனால் 6.3 வோல்ட் வேண்டிய வால்வு இழைக்கு 3.3 வோல்ட் அளவே கிடைப்பதால் வால்வு சூடேறாது, ஒலியும் உருப்படியாக வராது. ராக் கிதார் கலைஞர் எட்டி வான் ஹேலன், மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் வேரியாக்கை வைத்து, மார்ஷல் ஆம்ப்ளிஃபயரின் மின்னழுத்தத்தை 90 வோல்ட் அளவுக்குத் தாழ்த்தி வாசித்தாரே என்று யாராவது சொல்வார்கள். அவர் 120இல் கால் பங்கைத்தான் குறைத்தார், நீங்கள் பாதியைக் குறைக்கப் போகிறீர்கள். 50 ஹெர்ட்ஸுக்குச் செய்த டிரான்ஸ்பார்மர் 60 ஹெர்ட்ஸில் நன்றாகவே இயங்கும் என்பதால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

முதலில் பின்பலகையைப் பாருங்கள். 120 வோல்ட்டுக்கு மாற்றும் சுவிட்ச் இருந்தால், அதை மாற்றுவதோடு அந்த மின்னழுத்தத்துக்கு அங்கே அச்சிட்டிருக்கும் ஃபியூஸையும் போட வேண்டும். மின்னோட்டம் ஏறத்தாழ இரட்டிப்பாவதால் பழைய ஃபியூஸ் தாங்காது. சுவிட்ச் இல்லையென்றால் 120 வோல்ட்டை 230க்கு ஏற்றித் தரும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மர் வேண்டும். ஊரில் ஃப்ரிட்ஜுக்கு வைத்த ஸ்டெபிலைசர் இதற்கு உதவாது. தலைமுடி உலர்த்திக்கென்று விற்கும் கைக்கடக்கமான பயண மாற்றிகளும் கூடாது. அவற்றில் பல மின்அலையை வெட்டி வெட்டித் தருபவை. முகப்பில் உள்ள 20 வாட் என்பது ஸ்பீக்கருக்குப் போகும் திறன், சுவரிலிருந்து இழுப்பது நூறு வாட்டை எட்டலாம். பின்பலகையில் எழுதியிருக்கும் அந்த அளவைப் போல் இரு மடங்கு தாங்கும் டிரான்ஸ்பார்மராக வாங்குங்கள்.

இவ்வளவையும் எவரும் சொல்லிவிடுவார்கள். எவரும் சொல்லாதது எர்த் பற்றியது. கிதாரின் கம்பிகள் கேபிளின் உறை வழியாக ஆம்ப்ளிஃபயரின் உலோகச் சட்டத்தோடு இணைந்திருக்கின்றன. ஆகவே உள்ளே ஏதேனும் பழுதாகிச் சட்டத்தில் மின்சாரம் ஏறினால், எர்த் இல்லாதபோது அது உங்கள் விரல்களுக்கு வந்துவிடும். 1972இல் வேல்ஸின் ஸ்வான்சி நகர மேடையில் கிதார் கலைஞர் லெஸ்லி ஹார்வி எர்த் சரியாக இல்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். யார்ட்பேர்ட்ஸ் ராக் குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப் 1976இல் தம் வீட்டிலேயே மின்கிதார் வாசிக்கும்போது இறந்தார். இதையெல்லாம் அறியாமல், இரைச்சல் வருகிறதென்று எர்த் பின்னை வெட்டி எறியச் சொல்பவர்கள் இங்கே உண்டு. பத்தாண்டுகள் பனியில் நடந்ததே அவர்களுடைய மின்பொறியியல் பட்டம்.

நான் வந்த முதல் குளிர்காலத்தில் ஸ்கார்பரோவில் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் பேஸ்மென்டில் தங்கியிருந்தேன். கடையொன்றில் வாங்கிய ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மரில் மூன்று துளை சாக்கெட் கம்பீரமாக இருந்தது. வாசித்துக்கொண்டே தண்ணீர்க் குழாயைத் தொட்டால் மட்டும் விரல் நுனியில் சுருக்கென்றது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கி வந்த மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது, சாக்கெட்டின் எர்த் துளை எந்தக் கம்பியோடும் இணைக்கப்படவே இல்லை. கடைக்காரரோ, கிதார் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சிரித்தார். பணத்தைத் திருப்பித் தரவில்லை; நானே எர்த் கம்பி இழுத்து இணைத்தேன், அந்தப் பெட்டி இன்றும் இயங்குகிறது. வீட்டுக்கார அம்மா மேலேயிருந்து காலால் தட்டும்வரை வாசிப்பேன், அதன்பின் அவரே தேநீர் கொண்டுவந்து பழைய பாட்டு ஒன்று கேட்பார். மேலே அவர்கள் 1500 வாட் ஹீட்டரைப் போட்டிருக்கும்போது நான் சுவிட்சைத் தட்டினால் பிரேக்கர் விழுந்து இருவருக்கும் இருட்டு. 15 ஆம்பியர் இணைப்பில் ஹீட்டரே 12.5 ஆம்பியரை எடுத்துக்கொள்வதால், டிரான்ஸ்பார்மர் போட்டவுடன் இழுக்கும் மின்னோட்டத்துக்கு இடம் போதாது.

துணி உலர்த்தியின் சாக்கெட்டில் 240 வோல்ட் கிடைக்கிறதே என்று ஒரு மேதை உங்களிடம் நிச்சயம் சொல்வார். அங்கே இரண்டு கம்பிகளிலும் மின்சாரம் ஓடுகிறது, உங்கள் ஆம்ப்ளிஃபயரின் ஃபியூஸோ ஒன்றில்தான் இருக்கும். அது போனாலும் மற்றக் கம்பியில் மின்சாரம் நிற்கும். பழுதானால் 30 ஆம்பியர் பிரேக்கர் விழுவதற்குள் உங்கள் மெல்லிய கேபிள் எரிந்துவிடக்கூடும். வால்வு ஆம்ப்ளிஃபயரைத் திறந்து உள்கம்பிகளை மாற்றிக்கொள்ளலாம் என்பாரையும் நம்ப வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கெபாசிட்டர்களில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். அது பழுதுபார்ப்பவரின் வேலை.

எங்கும் கிடைக்கும் மாடல் என்றால் அங்கேயே விற்றுவிட்டு இங்கே பழையது ஒன்று வாங்குவதே என் விருப்பம். கொண்டுவந்தே தீருவேன் என்றால், டிரான்ஸ்பார்மரை வாங்கும் கடையிலேயே மல்டிமீட்டரை வைத்து, பிளக்கின் எர்த் பின்னிலிருந்து சாக்கெட்டின் எர்த் துளைவரை இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.