தாத்தாவின் துருப்பிடித்த துப்பாக்கியை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?
வேண்டவே வேண்டாம், துருவோடு குழலின் கருநீலப் பூச்சும் போய்விடும். முதலில் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பாருங்கள். பழைய துப்பாக்கிகளில் மறந்துபோன தோட்டா கிடப்பது அதிசயமில்லை. அப்புறம் துப்பாக்கி எண்ணெய் தடவி ஒரு நாள் ஊறவிட்டு, 0000 எண் ஸ்டீல் உல்லால் (மிக மெல்லிய எஃகு நார்), அதுவும் எண்ணெயோடுதான், மெதுவாகத் தேய்த்தால் துரு செம்பழுப்புக் குழம்பாகத் துணியில் வரும், அடியில் கருநீலம் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். மரக்கட்டையில் எண்ணெய் இறங்க விடாதீர்கள், மரம் ஊறி மென்மையாகிவிடும்.

சுடுவது வேறு விஷயம். குழலுக்குள் துரு அரித்த பள்ளங்கள் இருந்தாலோ, வெளியே ரிப்பன் சுற்றியதுபோல் வரிகள் தெரிந்தாலோ (அது டமாஸ்கஸ் குழலாக, அதாவது இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கிச் சுற்றி ஒட்டவைத்த பழைய காலக் குழலாக இருக்கலாம், இன்றைய தோட்டாவின் அழுத்தத்தில் வெடிக்கக்கூடும்) துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டாமல் தோட்டா போடாதீர்கள்.