சி டிரைவ் மட்டும் ஏன் நீள மறுக்கிறது?

கேள்வி: என் கணினியின் சி டிரைவில் 3 ஜிபி இடமே மிஞ்சியிருந்தது. ஒரே ஹார்டு டிஸ்க்கில் அடுத்துள்ள டி டிரைவைச் சுருக்கி 100 ஜிபி விடுவித்தேன். ஆனாலும் சி-யை நீட்டும் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கலாகவே இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட், ஒரு பகுதியை அதன் வலப்புறம் ஒட்டியுள்ள காலியிடத்துக்குள் மட்டுமே நீட்டும். நீங்கள் விடுவித்த இடமோ டி-யின் கடைக்கோடியில் இருக்கிறது. நடுவில் டி டிரைவே குறுக்கே நிற்கிறது.

டி-யில் உள்ளவற்றை வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்று சரிபார்த்த பின் டி-யை அழித்து, சி-யை நீட்டி, எஞ்சிய இடத்தில் டி-யை மீண்டும் உருவாக்குவதே நேரான வழி. டி-யில் மென்பொருள்கள் நிறுவியிருந்தால் அவற்றை மறுபடி நிறுவ வேண்டியிருக்கும். அழிக்க மனமில்லையெனில், ஜிபார்ட்டெட் என்னும் இலவச மென்பொருளைப் பென் டிரைவிலிருந்து இயக்கி, டி-யை அப்படியே வலப்புறம் நகர்த்தலாம். ஆனால் தரவை இடம் மாற்றி எழுதும் இந்த வேலை மணிக்கணக்கில் நீளக்கூடும் என்பதாலும், நடுவில் மின்சாரம் நின்றால் கோப்புகள் சிதையக்கூடும் என்பதாலும், இதற்கும் நகல் கட்டாயம். டிரைவைக் குறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் பூட்டு இருந்தால் முன்னதாகவே அதை நீக்கிவிடுங்கள். இடையில், விண்டோஸ் பழுதானால் மீட்க உதவும் ரெக்கவரி பகுதி தென்பட்டால் அதில் கைவைக்க வேண்டாம்.

என்னைக் கேட்டால், முதலில் டி-யைப் பழைய அளவுக்கே நீட்டிவிட்டு, டவுன்லோட்ஸ் கோப்புறையின் பிராப்பர்ட்டீஸில் 'லொகேஷன்' பிரிவுக்குச் சென்று அதை டி-க்கு மாற்றிப் பார்ப்பேன். பலருக்கு அதுவே போதுமானதாக இருக்கும்.