பார்க்காமல் எழுதிய மாத்திரை: வழக்கு நிற்குமா?

கேள்வி: ஊர் சிவகங்கை மாவட்டம் கண்டனூர். ஆத்தா சர்க்கரை நோய்க்கு உள்ளூர் டாக்டரிடம் மெட்ஃபார்மின் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு வந்தார்கள். சிங்கப்பூரில் இருக்கும் நான் சென்னை டாக்டர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் அனுப்பி 500 ரூபாய் கட்டினேன். ஆத்தாவைப் பார்க்காமலே, சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரையையும் சேர்த்தார். பத்தாம் நாள் ஆத்தா மயங்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இப்போது அந்த டாக்டர் போனையே எடுப்பதில்லை. போலீஸில் புகார் கொடுக்கலாமா?

பதில்: போன் எடுக்காதது வழக்காகாது. போலீஸை விடுங்கள். உச்ச நீதிமன்றத்தின் 2005 ஜேக்கப் மாத்யூ தீர்ப்புக்குப் பிறகு, கடும் அலட்சியம் என்று வேறொரு மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் ஃபைல் நகராது.

உங்களுக்குள்ள பிடி ஒன்றுதான். 2020 மார்ச் 25 தொலைமருத்துவ வழிகாட்டுதலில், ஓடிக்கொண்டிருக்கும் மாத்திரையோடு இன்னொன்றைச் சேர்ப்பது 'பி' பட்டியல். அதே டாக்டர், அதே நோய்க்கு, ஆறு மாதத்துக்குள் நேரில் பார்த்திருந்தால்தான் எழுதலாம். இவர் உங்கள் ஆத்தாவைப் பார்த்ததே இல்லை.

விதிமீறல் வேறு, நஷ்டஈடு வேறு. கட்சிக்காரர்கள் கவிழ்வது இங்கேதான். சர்க்கரை இறங்கித்தான் விழுந்தார் என்று நீங்கள் காட்ட வேண்டும். பதற்றத்தில் வீட்டார் "வளவுல வழுக்கி விழுந்துட்டாக" என்று சொல்லியிருப்பார்கள். டியூட்டி டாக்டர் கேஸ் ஷீட்டில் அதையே எழுதியிருப்பார். எதிர்த்தரப்பு வக்கீல் வழுக்கும் ஆத்தங்குடித் தரைக்கல்லைக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார். ஆஸ்பத்திரியில் சேர்த்தவுடன் எடுத்த சர்க்கரை 70க்குக் கீழே பதிவாகியிருந்தால் பேச இடமுண்டு. வழியிலேயே குளுக்கோஸ் ஏற்றியிருந்தால் அந்த எண் உதவாது, ஆம்புலன்ஸ் குறிப்பைத் தேடுங்கள். கேஸ் ஷீட்டை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும்.

அடுத்த ஓட்டை நீங்களே. ஆத்தாவின் கிட்னி எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டு நீங்கள் பதில் போடாமல் விட்டிருந்தால், பழி உங்கள் பக்கம் திரும்பும். அதற்காகச் சாட்டை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். வெறும் ஸ்கிரீன்ஷாட் கொடுத்தால் மின்னணு ஆதாரத்துக்கு வேண்டிய சாட்சியச் சட்டம் 63(4) சான்றிதழ் எங்கே என்பார்கள். ஊர் குரூப்பில் டாக்டர் பெயரைப் போட்டிருந்தால் இன்றே எடுங்கள்; இல்லையேல் அவதூறு நோட்டீஸ்தான் முதலில் வரும்.

சர்க்கரைப் பதிவு இருந்தால் ஆத்தா பெயரில் சிவகங்கை நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். கெடு இரண்டு ஆண்டு, 500 ரூபாய் கட்டிய சேவை என்பதால் வழக்குப் போடக் கட்டணம் கிடையாது. பதிவு இல்லையென்றால் ஆபரேஷன் செலவில் பாதி கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு முடியுங்கள். மருத்துவ கவுன்சில் புகார் தனி, அங்கே பணம் கிடைக்காது. பணம் தந்தால் அந்தப் புகாரைக் கொடுக்க மாட்டேன் என்று மட்டும் வாட்ஸ்அப்பில் எழுதிவிடாதீர்கள். மிரட்டிப் பணம் பறித்ததாக உங்கள் மீதே புகார் வரும்.