பொருளாளர் பதவிக்கு நில்லுங்கள்

அன்புள்ள ஐயா,

நான் இங்கே சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மாணவர்களின் குரலை வலுப்படுத்த வேண்டும் என்று மாணவர் சங்கத் தேர்தலில் நிற்க விரும்புகிறேன். 1954ஆம் ஆண்டின் ஃபஜார் வழக்கைப் பற்றிப் படித்ததிலிருந்து இந்த எண்ணம். ஆனால் என் தொகுதியில் வேறு யாரும் போட்டியிடப் போவதில்லையாம். போட்டியின்றி வருவது கௌரவமா? மதிப்பெண் சரியும் என்று அம்மா பயப்படுகிறார். வேலை விண்ணப்பத்தில் போட்டுக்கொள்ளத்தான் இதெல்லாம் என்று தோழிகள் கேலி செய்கிறார்கள். சுவரொட்டியில் தமிழும் இருக்கலாமா? நிற்கலாமா?

காயத்ரி

அன்புள்ள காயத்ரி,

நில்லுங்கள். அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள். தோழிகளின் கேலியில் பாதி உண்மை இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். சுவரொட்டியில் தமிழைப் போடுவதற்கே முன்பின் தெரியாத ஒருவனிடம் அனுமதி கேட்கிறீர்களே, நாளைக்குக் கட்டண உயர்வைப் பற்றி நிர்வாகத்திடம் எப்படிக் கேட்கப்போகிறீர்கள்?

ஃபஜார் வழக்கைக் கொஞ்சம் ஒழுங்காகவும் படியுங்கள். 1953இல் தொடங்கிய பல்கலைக்கழக சோஷலிஸ்ட் மன்றத்தின் இதழ்தான் ஃபஜார். மாணவர் சங்கத்தின் இதழ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. தலையங்கம் ஒன்றுக்காக எட்டு மாணவர்கள் மேல் தேச நிந்தனைக் குற்றச்சாட்டு. பிரிட்டிஷ் வழக்கறிஞர் டி.என். பிரிட்டும், பின்னாளில் பிரதமரான, அப்போது இளம் வழக்கறிஞராக இருந்த லீ குவான் இயூவும் அவர்கள் தரப்பில் நின்றார்கள், எட்டுப் பேரும் விடுதலையானார்கள். சுபமாக முடிகிற கதை என்பதால் எல்லோரும் இதையே எடுத்துச் சொல்கிறார்கள். நான் கொஞ்ச நாளாக நினைத்துக்கொண்டிருப்பது சுபமாக முடியாத இன்னொன்றை.

1974இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழக மாணவர் சங்கம், ஆட்குறைப்பில் வேலை இழந்தவர்களுக்காக ஓர் ஆய்வு மையம் வைத்தது. ஜூரோங்கில் நடந்த ஒரு தகராறை ஒட்டி, கலகம் செய்ததாகச் சங்கத் தலைவர் டான் வா பியாவ் மீது வழக்கு வந்தது. அவர் மறுத்தார். ஓராண்டுச் சிறை கிடைத்தது. 1975இல் பல்கலைக்கழகச் சட்டத்தையே திருத்தினார்கள். சங்கத்தின் அமைப்பு மாறியது, அதன் நிதி நிர்வாகத்தின் பிடிக்குள் போனது. சிறைக்குப் போன தலைவரைப் பற்றிப் பேச இன்றும் ஆள் இருக்கிறது. கைமாறிப்போன பணப்பையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. வேலையிழந்தவனுக்காக ஓர் அறையும் மேசையும் போட வேண்டுமென்றால் யாருடைய கையெழுத்து வேண்டும்? அதைக் கேட்காமல் குரல், குரல் என்கிறீர்கள்.

எண்பதுகளில் நான் விடுதியில் இருந்தபோது என் அறைத்தோழன் செம்பவாங் கப்பல் பட்டறைத் தொழிலாளி ஒருவரின் மகன். விடுதிக் குழுவுக்குத் தலைவராக வர அடிதடி நடக்கும், கலாசாரச் செயலாளர் பதவிக்கு அதைவிட அதிகம். பொருளாளர் பதவிக்கு ஆள் வராது. அவன் வந்தான். துணி துவைக்கும் இயந்திரத்தில் நாங்கள் போடும் சில்லறை எங்கே போகிறது என்று ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்டான். கூட்டம் சிரித்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். விடுதி அலுவலகத்தில் இருந்தவர் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். இவன் விடவில்லை. "பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்" என்பதைக் கூட்டக் குறிப்பில் தேதி போட்டு எழுத வைத்தான். அடுத்த கூட்டத்தில் அந்தக் குறிப்பை வாசித்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டான். அதற்கடுத்த கூட்டத்திலும். அவன் எழுந்தாலே பின்வரிசையில் சோப்புக்கட்டியைத் தூக்கிக் காட்டுவார்கள். கடைசியில் அச்சிட்ட கணக்கில் "சலவை இயந்திர வருமானம்" என்று புதிதாக ஒரு வரி வந்தது. அதுவரை அந்தப் பணம் எங்கே போனது என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஆனால் வரி வந்த பிறகு அதிலிருந்து ஒரு புது இயந்திரம் கேட்க முடிந்தது. அவன் மேடையில் பேசி நான் பார்த்ததே இல்லை, திக்குவாய் வேறு.

உங்களுக்குப் பழங்கதை சலித்திருக்கும். யேல் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து தொடங்கிய யேல்-என்யுஎஸ் கல்லூரி மூடப்படும் என்று 2021 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது நினைவிருக்கும். அங்கே நன்றாகப் பேசத் தெரிந்த பிள்ளைகள், சொந்த மாணவர் பேரவை, எல்லாம் இருந்தன. முடிவு எடுக்கப்பட்ட பிறகுதான் அவர்களுக்குச் சொன்னார்கள். மனுவில் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டும் கல்லூரி மூடப்பட்டது.

போட்டியில்லாமல் வருவது கௌரவமா என்று கேட்டிருந்தீர்கள். கௌரவத்தைப் பட்டமளிப்பு நாளில் பார்த்துக்கொள்ளலாம். எதிராளி இல்லாததால் உங்களுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை மிச்சம். அந்த நேரத்தில் போன ஆண்டின் வரவுசெலவுக் கணக்கையும் கூட்டக் குறிப்புகளையும் வாங்கிப் படியுங்கள். எதற்கு என்று கேட்பார்கள். தரும்வரை ஒவ்வொரு பதிலையும் தேதியோடு எழுதி வையுங்கள். பொருளாளர் இடம் காலியாக இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். பெரும்பாலும் இருக்கும்.