பெயர்ப் பலகையில் மாண்டிசோரி: கட்டணம் செலுத்துமுன் எதைப் பார்ப்பது?

கேள்வி: எங்கள் மகளுக்கு இரண்டரை வயது முடிந்துவிட்டது. நாங்கள் விசாரித்த மூன்று மழலையர் பள்ளிகளும் தங்களை மாண்டிசோரி பள்ளி என்றே அறிவித்துக்கொள்கின்றன. ஆனால் ஒன்றின் கட்டணம் மற்றொன்றைப்போல் ஏறத்தாழ இரு மடங்காக இருக்கிறது. பெயருக்காகக் கூடுதலாகக் கேட்கிறார்களா, உண்மையிலேயே அந்த முறையில் கற்பிக்கிறார்களா என்பதைக் கல்வித்துறை சாராத பெற்றோர் எப்படி அறிவது?

பதில்: மாண்டிசோரி என்ற பெயருக்குத் தனி உரிமையாளர் எவரும் இல்லை என்பதிலிருந்து தொடங்குவோம். குழந்தை பொருள்களைத் தானே கையாண்டு கற்கும் இம்முறையை வகுத்த இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி, 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் ‘குழந்தைகள் இல்லம்’ என்ற பெயரில் தம் முதல் பள்ளியைத் திறந்தார். 1929இல் மகன் மாரியோவுடன் சேர்ந்து சர்வதேச மாண்டிசோரி சங்கத்தை நிறுவினார். அச்சங்கம் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்துப் பட்டயம் வழங்குகிறதே தவிர, அந்தப் பெயரை வேறு எவரும் பயன்படுத்தக் கூடாது என்று தடுக்கும் நிலையில் இல்லை. அமெரிக்காவில் இது வழக்காகவே நடந்து, இப்பெயர் ஒரு கல்விமுறையைக் குறிக்கும் பொதுச்சொல் என்று 1967இல் வணிகக்குறி வாரியம் முடிவு சொன்னது. ஆகவே பெயர்ப் பலகை எதற்கும் சான்றாகாது. இரு மடங்குக் கட்டணமும் சான்றாகாது.

சான்று வகுப்பறைக்குள்தான் இருக்கிறது. பள்ளி நடக்கும் ஒரு காலை நேரத்தில், முன்கூட்டியே அனுமதி பெற்று, ஒரு மணி நேரமாவது ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். மூன்று வயதுக் குழந்தை ஒன்று அலமாரியிலிருந்து சிறிய கண்ணாடிக் குடுவையைத் தட்டோடு எடுத்துவந்து, இரண்டு குவளைகளில் தண்ணீர் ஊற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். கை சற்றே சாய்ந்து தண்ணீர் மேசையில் கொட்டுகிறது. அந்த நொடியில் ஆசிரியை என்ன செய்கிறார் என்பதைக் கவனியுங்கள். ஓடிவந்து குடுவையை வாங்கித் தாமே துடைத்துவிட்டால், அந்த அறையில் பொருள்கள் மட்டுமே மாண்டிசோரியுடையவை. அவர் இருந்த இடத்திலேயே இருக்க, குழந்தை தானே போய்த் துடைக்கும் துணியை எடுத்துவந்து, மேசையைத் துடைத்துவிட்டு மறுபடியும் ஊற்றத் தொடங்கினால், நீங்கள் கொடுக்கப்போகும் பணத்துக்கு உரிய பொருள் அங்கே இருக்கிறது என்று நம்பலாம்.

அடுத்து, கால அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். மூன்று வயதுக்கு மேற்பட்டோர் வகுப்பில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் இடையூறின்றித் தொடரும் வேலை நேரம் இம்முறையின் முதுகெலும்பு. காலை முழுவதும் அரை மணிக்கு ஒரு பாடமாக நறுக்கப்பட்டிருந்தால், குழந்தை தான் எடுத்த வேலையில் ஆழ்வதற்குள் மணி அடித்துவிடும். மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகள் ஒரே அறையில் கலந்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். வயதுக்கு ஒரு வகுப்பு என்று பிரித்திருந்தால், சிறியவர் பெரியவரைப் பார்த்துக் கற்கும் வாய்ப்பு போய்விடுகிறது. நட்சத்திர முத்திரை, பரிசு, தண்டனை ஆகியவற்றுக்கு இங்கே இடமில்லை. ஒவ்வோர் உபகரணத்திலும் ஒன்றே ஒன்று இருந்தால் அதைக் குறையாக எண்ண வேண்டாம். அடுத்தவர் முடிக்கும் வரை காத்திருப்பதும் பயிற்சியின் ஒரு பகுதிதான்.

ஆசிரியையின் பட்டயத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. மூன்று வயது வரைக்கும், மூன்று முதல் ஆறு வரைக்கும் தனித்தனிப் பயிற்சிகள் உள்ளன. உங்கள் மகள் சேரவிருக்கும் பிரிவுக்கு உரியதுதானா, பட்டயம் பெற்றவரே தினமும் வகுப்பில் இருக்கிறாரா, அல்லது அவர் நிர்வாக அறையில் இருக்க உதவியாளர்தான் வகுப்பை நடத்துகிறாரா என்பனவற்றையும் சேர்த்தே கேளுங்கள்.

இவ்வளவு துருவிப் பார்க்க வேண்டுமா என்று தோன்றலாம். 2012இல் வெளியான அமெரிக்க உளவியலாளர் ஆஞ்சலின் லில்லார்டின் ஆய்வு, மூலமுறையை அப்படியே பின்பற்றிய வகுப்புகளையும், அதனுடன் வழக்கமான பயிற்சித்தாள்களையும் பிற பொருள்களையும் கலந்த வகுப்புகளையும், சாதாரண மழலையர் வகுப்புகளையும் ஒப்பிட்டது. முதல் வகையில் படித்த குழந்தைகளே ஒரு கல்வியாண்டில் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். பெயரை வைத்துக்கொண்டு பாதி முறையைப் பின்பற்றும் பள்ளிக்கு முழுக் கட்டணம் செலுத்துவதில் உள்ள நட்டம் இதுதான். மூன்று பள்ளிகளில் மலிவானதே இச்சோதனைகளில் தேறினாலும் நான் வியப்படைய மாட்டேன். பளபளப்பான கையேட்டை நீட்டிவிட்டு வகுப்பறைக் கதவை மட்டும் திறக்க மறுக்கும் பள்ளியின்மீது எனக்கு எப்போதும் ஐயம் உண்டு.

கேள்வி: ஓர் ஆண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்தினால் தள்ளுபடி தருவதாகப் பள்ளி சொல்கிறது. செலுத்தலாமா?

பதில்: குழந்தை அந்த இடத்தில் ஒன்றிப்போகிறதா என்பது தெரியும் வரை முழுத் தொகையைக் கட்ட வேண்டாம். முதல் பருவத்துக்கு மட்டும் செலுத்திவிட்டு, பின்னர் சேர்த்துக் கட்டினாலும் தள்ளுபடி கிடைக்குமா என்று கேளுங்கள். இடையில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், எத்தனை நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும், உபகரணக் கட்டணம் ஒருமுறைதானா அல்லது ஆண்டுதோறுமா என்பன எழுத்தில் இருக்க வேண்டும். வாய்மொழி உறுதியை வைத்துப் பின்னாளில் வாதாடுவது கடினம். இன்னொன்றையும் கணக்கில் சேருங்கள். மூன்று முதல் ஆறு வயது வரையிலான வகுப்பு மூன்றாண்டுச் சுழற்சியாக அமைக்கப்பட்டது. முதலிரண்டு ஆண்டுகளில் கையால் தொட்டுப் பழகியவை எழுத்தாகவும் எண்ணாகவும் திரள்வதும், குழந்தை தன்னைவிடச் சிறியவர்களுக்கு வழிகாட்டுவதும் பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில்தான். ஓராண்டுக் கட்டணம் கையைக் கடிக்காவிட்டாலும், மூன்றாண்டுகளுக்கும் தாக்குப்பிடிக்க முடியுமா என்று பார்த்துத் தொடங்குவதே சரி.

கேள்வி: பள்ளிக்கு அனுப்பாமல், இணையத்தில் விற்கப்படும் மாண்டிசோரி விளையாட்டுப் பொருள் தொகுப்பை வாங்கி வீட்டிலேயே பழக்கலாம் என்கிறார் என் கணவர். குழந்தைக்கு ஒன்றேமுக்கால் வயது. எவற்றை வாங்குவது?

பதில்: இந்த வயதுக்கு நீங்கள் வாங்க வேண்டியது மிகக் குறைவு. எட்டும் உயரத்தில் ஒரு தாழ்வான அலமாரி, உறுதியான சிறு மேசை, நாற்காலி, சின்னக் கைக்கு அடங்கும் துடைப்பமும் குவளையும் போதும். மாற்றி ஊற்றுவது, துணி மடிப்பது, காய்கறி கழுவுவது ஆகிய வீட்டு வேலைகளே இம்முறையின் முதல் பாடங்கள். அவை எந்தத் தொகுப்பிலும் அடைத்து விற்கப்படுவதில்லை.

பின்னாளில் வாங்குவதானால், மரத்தால் ஆனது என்பதற்காக மட்டும் வாங்கிவிடாதீர்கள், அளவைச் சோதியுங்கள். இளஞ்சிவப்புக் கோபுரம் என்பது 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை ஒவ்வொரு செ.மீ. ஆகக் கூடும் பத்துக் கனசதுரங்கள். பத்தையும் ஒரே மூலை நேராக வருமாறு அடுக்கினால், எதிர்ப்பக்கத்தில் ஒவ்வொரு படியும் சரியாக 1 செ.மீ. அகலம் இருக்கும், மிகச் சிறிய கட்டையை எந்தப் படியின்மீது வைத்தாலும் அது விளிம்போடு விளிம்பாகப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அது வெறும் அடுக்குக் கட்டைதான். பத்தும் ஒரே நிறத்தில் இருப்பதற்கும் காரணம் உண்டு. கண்ணுக்கு அளவு ஒன்று மட்டுமே வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்பதால், பல நிறங்களும் படங்களும் தீட்டிய தொகுப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த வேலையைச் செய்யாது.

மரப்பலகையின் குழிகளில் பொருத்தும், குமிழ் வைத்த உருளைக் கட்டைகளுக்கும் இதே விதிதான். பருமனில் மட்டும் வேறுபடும் பத்து உருளைகளில், மெலிந்த ஒன்றைக் குழந்தை அகலமான குழியில் போட்டுவிட்டால், கடைசியில் பருத்த உருளையும் குறுகிய குழியும் மிஞ்சும். யாரும் தவறு என்று சொல்லாமலேயே குழந்தை தன் பிழையைக் கண்டுகொண்டு எல்லாவற்றையும் எடுத்து மறுபடியும் அடுக்கும். மலிவான நகல்களில் குழிகள் தளர்வாகக் கடையப்பட்டிருந்தால் அடுத்த அளவு உருளையும் உள்ளே போய்விடும். பிழை மறைந்துவிடும், பாடமும் அதோடு போய்விடும்.

உங்கள் குழந்தைக்கு இன்னும் மூன்று வயது ஆகவில்லை என்பதால் பாதுகாப்பையும் சொல்லியாக வேண்டும். சிறு பாகங்களைச் சோதிக்கப் பொம்மைத் தரநிலைகள் பயன்படுத்தும் உருளையின் உள்விட்டம் 31.7 மி.மீ. மட்டுமே, அதற்குள் முழுவதும் அடங்கும் எதுவும் இந்த வயதில் தொண்டையில் சிக்கக்கூடும். மேலே சொன்ன கோபுரத்தின் 1 செ.மீ. கட்டையும், எண் கற்பிக்கும் மணிகளும் அதற்குள் அடங்குபவைதான். முழுத் தொகுப்பையும் வாங்கியே தீர வேண்டும் என்று கணவர் சொன்னால், அச்சிறு கட்டையையும் மணிகளையும் மூன்று வயது வரை தனியே எடுத்துக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.